ஆடத் தெரிந்தால் போதுமா? கேட்கவும் தெரிய வேண்டாமா?

பொங்கல் விழா, தமிழ்ப் புத்தாண்டு, பாரதி விழா, நவராத்திரி என்று நாம் எந்த விழா எடுத்தாலும் குழந்தைகளின் நாட்டியம் இல்லாமல் அது நிறைவு பெறுவதில்லை. சொந்த ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வீட்டில் தமிழில் பதில் சொல்லத் தயங்கும் பெண்கூட, ஒரு தமிழ்ப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்க வேண்டும் என்றால் அதன் பொருளை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். இந்தப் பணியைச் செய்துவரும் ஆசிரியைகளையும், ஒத்திகைக்கு லேக் மார்க்கெட்டிலிருந்தும் சால்ட் லேக்கிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. நம் மேடையில் ஆடப்படும் நாட்டிய நாடகங்களை ஆக்கியவர்கள் யார்? பழைய அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இறைவணக்கம் பாடுபவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், நன்றியுரை சொல்பவர், பந்தல் உதவி, ஒலிபெருக்கி உதவி என எல்லோர் பெயரும் இருக்கும். நடன அமைப்பு யாருடையது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. சென்னையில் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து ஒரு நாட்டிய நாடகம் அமைக்கிறார். அதை யாரோ படம் பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் வீடியோ கேசட்டாக வந்தது, இப்போது செல்போனில் வருகிறது. போட்டுப் போட்டுப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கற்றுக்கொண்டு ஆடிவிடுகிறோம். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிகள் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கதைதான்.

பல ஆண்டுகளாகக் கலை நிகழ்ச்சிப் பொறுப்பைப் பார்த்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் புதிதாக ஆக்கிய நாட்டியத்தை மேடையேற்றும் முன் அவரிடம் கேட்க வேண்டும். அவர் பெயரைப் போட வேண்டும். முடிந்தவரை அவரிடமோ அவரிடம் கற்றவரிடமோ நேரில் பாடம் கேட்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

எது பொது, எது ஒருவருடையது?

எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கச் சொல்கிறேன் என்று யாரும் பதற வேண்டாம். அலாரிப்பு யாருக்கும் சொந்தமில்லை. அடவுகள் யாருக்கும் சொந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் தந்துவிட்டுப் போன வர்ணங்களும் ஜதிஸ்வரங்களும் நம் எல்லோருக்கும் பொதுவான முதுசொம்.

ஆனால் ‘குற்றாலக் குறவஞ்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள். திரிகூடராசப்பக் கவிராயர் அதைப் பாடியது பதினெட்டாம் நூற்றாண்டில். அந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம், யார் வேண்டுமானாலும் புதிதாக நடனம் அமைக்கலாம். ஆனால் 1944இல் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினாரே, யார் எந்தப் பக்கம் நுழைவது, எந்த அடிக்கு எந்த அபிநயம், குறத்தி வரும்போது தோழியர் எங்கே நிற்பது என்று அமைத்தாரே, அது வேறு. பாட்டு ஊருக்குப் பொது. அந்த அமைப்பு ஒருவருடைய மூளையும் உழைப்பும்.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகப் படைப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஒரே நிபந்தனை, அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகி இருக்க வேண்டும். ஆக்கியவர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1977இல் மறைந்த உதயசங்கரின் நாட்டியங்களுக்கு 2037 வரை, 1986இல் மறைந்த ருக்மிணி தேவியின் நாட்டியங்களுக்கு 2046 வரை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம்மைப் போன்ற சங்கங்களுக்கு அதே சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. தொழில்முறை அல்லாத குழு, கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் ஆடினாலோ, ஒரு சமய நிறுவனத்தின் நிதிக்காக ஆடினாலோ, அது உரிமை மீறல் ஆகாது. பள்ளிக்கூட விழாவில் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் மட்டும் பார்க்க ஆடினாலும் அப்படியே. நுழைவுச்சீட்டு விற்ற அன்றைக்கு இந்தச் சலுகை பறந்துவிடும். படம் பிடித்து ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்புவதற்கும் இது பொருந்தாது. ஆக, நம் இலவச விழாக்களில் சட்டம் நம்மைப் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. சட்டம் விலக்குத் தந்தால் மரியாதைக்கும் விலக்குத் தந்ததாகுமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். வெளி ஆசிரியை ஒருவருக்குச் சங்கம் பணம் கொடுத்து ஒரு நாட்டிய நாடகம் செய்விக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடையது? பணம் கொடுத்ததால் சங்கத்துடையது என்று நாம் நினைக்கிறோம். அவர் சங்கத்தின் சம்பள ஊழியராக இருந்தாலொழிய, எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தந்தாலொழிய, அது அவருடையதுதான். அப்படி எழுதிக் கொடுத்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளோடு அது முடிந்துவிடும். படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும், எழுதிக் கொடுத்த பிறகும் அவரை விட்டுப் போவதில்லை.

வங்காளம் காட்டும் இரண்டு பக்கங்கள்

அனுமதி என்ற பேச்சை எடுத்தாலே கொல்கத்தாக்காரர்கள் விசுவபாரதியை நினைத்து முகம் சுளிப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ரவீந்திரநாத தாகூர் தம் கடைசிக் காலத்தில் ‘சித்ராங்கதா’ (1936), ‘சண்டாளிகா’ (1938), ‘சியாமா’ (1939) என்ற மூன்று நாட்டிய நாடகங்களைத் தந்தார். 1941இல் அவர் மறைந்த பிறகு உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. ரவீந்திர சங்கீதத்தை இசைத்தட்டில் பதிவு செய்ய வேண்டுமானால் அதன் இசைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தேவவிரத விசுவாஸ் போன்ற மாபெரும் பாடகரின் சில பதிவுகளுக்கே ஒப்புதல் மறுக்கப்பட்டது. மனம் நொந்து அவர் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். 1991 முடிவில் தீர வேண்டிய உரிமையை, சட்டத்தைத் திருத்தி ஐம்பதை அறுபது ஆண்டாக்கி மேலும் பத்தாண்டு நீட்டினார்கள். 2001 டிசம்பர் 31இல்தான் தாகூரின் எழுத்துகள் பொதுச் சொத்தாயின.

நம் பாரதிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அவருடைய பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மற்றவர்கள் பாட முடியாமல் வழக்குவரை போன பிறகு, பாரதி எல்லோருக்கும் பொது என்று தமிழ்நாடே குரல் எழுப்பியது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. 1955இல் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று நாட்டுக்கே கொடுத்துவிட்டது. இன்று கொல்கத்தாவில் நம் குழந்தை பாரதி பாட்டுக்கு யாரையும் கேட்காமல் ஆடுகிறது என்றால் அந்த முடிவின் பயன்தான்.

எனவே உரிமை என்பது பூட்டாகவும் ஆகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே நகரத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாகூரின் பாட்டுகளுக்கு ‘ஸ்வரவிதான்’ என்று அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் சுரக்குறிப்பு இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்துப் பாடலாம். நாட்டியத்துக்கு அப்படி ஒரு நூல் இல்லை. ஆகவே பைசாக் மாதம் இருபத்தைந்தாம் தேதி வந்தால் பாடாவுக்குப் பாடா ‘சண்டாளிகா’ நடக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒரு குழு புதிதாக யோசித்து அமைப்பதில் தவறே இல்லை. மஞ்சுஸ்ரீ சாக்கி சர்க்கார் அதே ‘சண்டாளிகா’வை ஒரு பெண்ணின் கண் கொண்டு பார்த்து, ‘நவநிருத்யம்’ என்ற தம் புது முறையில் ஆக்கிக் காட்டவில்லையா? பழைய கதையை நீங்களும் புதிதாக ஆக்குங்கள், தலைவணங்குகிறேன். அவர் ஆக்கியதைப் பார்த்து ஆடிவிட்டு, ‘வழங்குவோர் நாங்கள்’ என்று போட்டுக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மஞ்சுஸ்ரீயின் பெயரைச் சொல்லும்போது ஒரு துயரமும் நினைவுக்கு வருகிறது. அவருடைய மகள் ரஞ்சாவதியும் பெரிய நடனக் கலைஞர். மகள் 1999இல் மறைந்தார், தாய் 2000இல். ஓராண்டு இடைவெளிகூட இல்லை. அவர்கள் தொடங்கிய டான்சர்ஸ் கில்டின் மாணவர்கள் தாங்கிப் பிடித்ததால் அந்த நாட்டியங்கள் பிழைத்தன. நாட்டியம் ஆளோடு வாழ்கிறது. ஆள் போனால் எது மிஞ்சும் என்பது, கற்றவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

இதை உணர்ந்தவர் உதயசங்கர். அல்மோராவில் அவர் நடத்திய கலைக்கூடத்துக்குப் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளையையே பரதம் சொல்லித்தர அழைத்திருந்தார் என்பது தமிழர் பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்தக் கூடம் மூடப்பட்ட பிறகு, தம் நாட்டியங்களை எல்லாம் ‘கல்பனா’ என்ற படத்தில் பதிந்து வைத்தார். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948இல் வெளிவந்த படம். நம் பத்மினி சிறு பெண்ணாக ஆடியதும் அதில்தான். அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது, தொண்ணூறு வயது தாண்டிய அமலா சங்கர் நேரில் போயிருந்தார். ஆனால் படம் ஒன்றே போதும் என்று அந்த அம்மையார் இருந்துவிடவில்லை. 1965 முதல் பல பத்தாண்டுகள் இதே கொல்கத்தாவில் பள்ளி நடத்தி, கணவரின் முறையைத் தலைமுறை தலைமுறையாக உடம்புக்கு உடம்பு சொல்லிக் கொடுத்தார்.

கேட்டால் கிடைப்பது என்ன?

அனுமதி என்றால் ஒரு காகிதமும் ஒரு தொகையும் என்று நாம் நினைக்கிறோம். மேல்நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பாலே மேதை ஜார்ஜ் பாலன்சின் 1983இல் மறைந்தார். அவருடைய நடனங்களுக்காக 1987இல் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. எந்த நாட்டுக் குழு கேட்டாலும், அந்தக் குழுவுக்கு அதை ஆடும் திறமை உண்டா என்று பார்த்துத்தான் அனுமதி தருகிறார்கள். தந்த கையோடு, அந்த நடனத்தை அறிந்த ஒருவரை அனுப்பிக் கற்றுக்கொடுக்கிறார்கள். மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009இல் மறைந்தபோது, தம் குழு இரண்டாண்டு உலகம் சுற்றிவிட்டுக் கலைந்துவிட வேண்டும் என்று முன்பே ஏற்பாடு செய்திருந்தார். 2011இன் கடைசி நாளில் குழு கலைந்தது. ஒவ்வொரு நடனத்துக்கும் குறிப்பேடு, படப்பதிவு, உடை, விளக்கு விவரம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டாக வைத்திருக்கிறார்கள், கேட்பவர்களுக்குக் கொடுக்க.

ஏற்பாடு செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. மார்த்தா கிரகாம் 1991இல் மறைந்த பிறகு அவர் வாரிசுக்கும் அவர் வளர்த்த நிறுவனத்துக்கும் வழக்கு. நடுவில் 2000இல் குழுவே செயலை நிறுத்தி வைத்தது. 2002இல் நியூயார்க் நீதிமன்றம் எழுபது நடனங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. நிறுவனத்துக்கு 45, செய்வித்தவர்களுக்கு 5, பொதுச் சொத்து 10, வாரிசுக்கு ஒன்றே ஒன்று. மீதி ஒன்பது யாருடையவை என்று இரு தரப்பாலும் நிரூபிக்க முடியவில்லை.

நம் நிலைமைக்கு அவ்வளவு பெரிய உதாரணம் எதற்கு என்பீர்கள். நமக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். நம்மிடையே வாழும் ஒரு மூத்த ஆசிரியை, சில ஆண்டுகளுக்கு முன் நம் விழாவுக்காகச் சிலப்பதிகார வழக்குரை காதையை நாட்டிய நாடகமாக அமைத்தார். கண்ணகி அரசவைக்குள் நுழைந்ததும், நட்டுவாங்கம் நின்றுவிடும். மிருதங்கமும் நின்றுவிடும். ஓர் ஆவர்த்தனம் முழுக்க அவள் சிலம்போடு அசையாமல் நிற்பாள். அவையே அவளைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் முதல் சொல். பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பின்னர் வேறு ஊரில் ஒரு குழு அதே நாடகத்தை ஆடியது. நுழைவு, வரிசை, ஜதி எல்லாம் அப்படியே. ஆசிரியையின் பெயர் இல்லை. கண்ணகி நுழைந்த இடத்தில் மட்டும் ஒரு மாறுதல். படப்பதிவில் பார்த்தபோது அந்த மௌனம் அவர்களுக்கு ஏதோ தடங்கலாக, பாட்டு நின்றுபோன இடமாகத் தோன்றியிருக்கிறது. அங்கே ஒரு விறுவிறுப்பான தீர்மானத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். கணவனை இழந்தவள் துள்ளிக்கொண்டு வந்தாள்!

அதைப் பார்த்த ஆசிரியை என்னிடம் சொன்னது இதுதான்: “பேர் போடலைன்னா போகட்டும் சார். அந்த நிக்கிற இடத்தைக் கெடுத்துட்டாங்களே, அதுதான் மனசு ஆறலை.”

ஒரு தபால் போட்டிருந்தால், ஒரு போன் பேசியிருந்தால், அந்த அம்மாள் ரயில் ஏறிப் போய்ச் சொல்லிக் கொடுத்திருப்பார். பணம்கூடக் கேட்டிருக்க மாட்டார். அந்தப் பெண்களுக்கும் ஏன் நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அவர்களும் அல்லவா ஏமாந்தார்கள்? படம் அசைவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணம் ஆக்கியவரிடம் இருக்கிறது.

மறுப்புகளுக்கு மறுமொழி

கலை எல்லோருக்கும் பொது, குருமார்கள் அந்தக் காலத்தில் உரிமை கேட்டார்களா என்று சிலர் கேட்கலாம். கேட்டார்கள் என்றே சொல்வேன். எந்த நட்டுவனார் தம் ஜதிகளைப் போகிறவர் வருகிறவர்களுக்கு எல்லாம் வாரி இறைத்தார்? காத்திருந்து, பணிவிடை செய்து, குருதட்சிணை வைத்து, அவர் சரி என்று சொன்ன பிறகு மேடையேறுவதுதானே நம் முறை? அனுமதி, தட்சிணை, நேரில் பாடம், குருவின் பெயரைச் சொல்லி வணங்குதல் – இந்த நான்கையும்தான் இன்று வெள்ளைக்காரன் ஒப்பந்தம் என்று எழுதி வைத்திருக்கிறான். வழக்கம் நம்முடையது. நாம்தான் விட்டுவிட்டோம்.

சிறிய சங்கத்துக்குப் பணம் ஏது என்பது அடுத்த கேள்வி. மேடை அலங்காரத்துக்கும் பூமாலைக்கும் சிற்றுண்டிக்கும் நாம் முகம் கோணாமல் கொடுக்கிறோம். ஆக்கியவருக்கு என்றால் மட்டும் கை சுருங்குவானேன்? பெயர் போட ஒரு காசும் ஆகாது. கேட்ட பிறகு அவர் மறுத்தால்? மறுக்கட்டும். ஆட நமக்கு வேறு உருப்படியா இல்லை?

நாம் செய்யக்கூடியவை

செயற்குழுவின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: இனி அழைப்பிதழிலும் மேடை அறிவிப்பிலும், பாடல் இன்னார், இசை இன்னார், நடன அமைப்பு இன்னார் என்ற வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். மரபு உருப்படியானால் ‘மரபு’ என்றும், இன்னாரிடம் பாடம் என்றும் போடலாம்.

இரண்டு: பிறர் ஆக்கிய நாட்டிய நாடகத்தை எடுக்க விரும்பும் குழு, முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டும். எங்கே, எத்தனை முறை ஆடப் போகிறோம், நுழைவுச்சீட்டு உண்டா, பாட்டு நேரடியா ஒலிப்பதிவா, எதையாவது சுருக்கப் போகிறோமா, படம் பிடிப்போமா என்று ஒளிவுமறைவின்றிக் கேட்க வேண்டும். ஒலிப்பதிவை ஓடவிட்டு ஆடுவதானால் அந்தப் பதிவின் உரிமை தனி என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்று: விழா நிதியில் ஒரு பகுதியை, ஆக்கியவரையோ அவர் அனுப்பும் மாணவரையோ ஒரு வாரம் இங்கே வரவழைத்துப் பாடம் கேட்க ஒதுக்க வேண்டும். தங்க இடத்துக்கா பஞ்சம்? நம் வீடுகள் இருக்கின்றன.

நான்கு: நம்மிடம் உள்ள ஆசிரியைகள் நமக்காக ஆக்கியவற்றை நாமே முறையாகப் பதிவு செய்ய வேண்டும். முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம், ஜதிகளை எழுதிய நோட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் ஏன் இப்படி என்று அவர்கள் வாயாலேயே ஒரு விளக்கம். அதன் ஒரு படி அவர்களிடம், ஒரு படி சங்கத்தில். கூடவே, இது அவர்களுடையது, இன்ன விதமாக ஆடச் சங்கத்துக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்று ஒரு பக்க ஒப்பந்தம்.

நான்காவதைத்தான் முதலில் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக இந்த நகரத்தில் நம் வீட்டுப் பெண்களுக்குத் தட்டுக்கழி தட்டிச் சொல்லிக் கொடுத்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் ஆக்கிய நாடகங்கள் எந்த நூலகத்திலும் இல்லை, அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. வழக்குரை காதை அமைத்த அந்த அம்மாளிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார். கேமரா வைத்திருக்கும் இளைஞர்கள் இருவரும், ஜதி எழுதத் தெரிந்த ஒருவரும் முன்வந்தால் போதும். செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.